ஒரு விரல் நீள வேர்

என் அஞ்சலக்காவுக்கு,

உன் மஞ்சள் கேனைத் தேய்த்துக் கழுவி, இன்று சாயங்காலம் நன்னாரி வேரை ஊறப் போட்டுவிட்டேன். நாளைக்குக் கத்திரி ஆரம்பம். நீ இருந்திருந்தால் கேனைத் தூக்கி மோந்து பார்த்து, அடியில் பாசி வாசனை அடிக்கிறது, நீயெல்லாம் என்னத்தைக் கழுவினாய் என்று ஒரு பாட்டம் திட்டியிருப்பாய். திட்ட ஆள் இல்லாததால் நானே இரண்டு முறை கழுவினேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. இதுவரை உனக்கு நான் ஒரு வரி எழுதவில்லை. இந்தக் கை உன்னைப் பற்றிக் கடைசியாக எழுதிய காகிதம் எது என்று எனக்குத் தெரியும். செத்தவர்களுக்கு எல்லாம் தெரியும் என்கிறார்களே, உண்மையா அக்கா? உண்மையென்றால் நீ என்னை மேலிருந்து காறித் துப்பியிருப்பாய். இல்லையென்றால் நானே சொல்லியாக வேண்டும். இதை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அன்றைக்கு எழுதியதையும் நாலு பேர் படித்தார்கள் அல்லவா.

உன்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீயும் நானும் இன்னும் ஒன்பது பெண்களும் டவுன்ஷிப்பில் செடி வெட்டுகிற காண்ட்ராக்ட் ஆட்கள். புடவைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் களைக்கொத்து. ரோட்டோரப் புதரும், குவார்ட்டர்ஸ் வேலியும், ரோட்டு நடுவே வைத்த பூச்செடியும் எங்கள் பொறுப்பு. எங்கள் மேஸ்திரிக்கு வாயில் ஒரு விசில். அது ஊதினால்தான் குனிவதும் நிமிர்வதும்.

வேலியில் ஏறியிருக்கிற கொடியையெல்லாம் வேரோடு பிடுங்கச் சொல்வார்கள். நீ மட்டும் நன்னாரிக் கொடியைக் கண்டால் கொத்தை ஓரமாக வைத்துவிட்டு, குழந்தைக்குப் பேன் பார்க்கிற மாதிரி உட்கார்ந்து மண்ணை விலக்குவாய். சின்ன வயசில் முந்திரித் தோப்புகளில் கொட்டை பொறுக்கப் போனபோது பழகியதாம். நான் அறந்தாங்கிப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். எனக்கு எல்லாக் கொடியும் ஒன்றுதான். ஒன்பது வருஷம் உன் பக்கத்தில் குனிந்து வேலை பார்த்தும், கொடியை விட உன் வாயைத்தான் அதிகம் கவனித்தேன். மேஸ்திரியைப் போலவே நடந்து காட்டுவாயே, அந்த நடை எனக்கு இன்னும் சிரிப்பு மூட்டுகிறது.

வேர் எடுப்பதில் உனக்கு ஒரு முறை இருந்தது. முழு வேரையும் எடுக்கக் கூடாது. ஒரு விரல் நீளத்துக்கு விட்டுவைத்து, மண்ணை மூடி, ஒரு வாய் தண்ணீர் ஊற்ற வேண்டும். பிறகு நேர் மேலே வேலிக் கம்பியில் பழைய புடவையைக் கிழித்து ஒரு முடிச்சு. அந்த முடிச்சு இருக்கிற இடத்தில் ஒரு வருஷத்துக்கு யாரும் கை வைக்கக் கூடாது. உன் கிளிப்பச்சைப் புடவை டவுன்ஷிப் வேலியெல்லாம் முடிச்சு முடிச்சாகத் தொங்கியது. எந்த முடிச்சு எப்போது போட்டது என்று நீ ஒருத்திதான் கணக்காகச் சொல்வாய்.

எடுத்த வேரைக் கழுவி, தட்டி, நடுவிலிருக்கும் கட்டையை உருவிப்போட்டு, தோலை மட்டும் ஊறவைப்பாய். காலையில் எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுக் கலக்கி, கேனைச் சுமந்து வருவாய். பதினோரு மணிக்கு மேஸ்திரி விசில் அடித்ததும் நிழலில் உட்கார்ந்து பதினொரு பேரும் குடிப்போம். கத்திரி வெயிலில் நீர்க்கடுப்பு வராமல் நாங்கள் வேலை பார்த்தது அந்தத் தண்ணீரால்தான்.

இனி அந்த நாள்.

உன் பேத்திக்குக் காதுகுத்து என்று நீ பண்ருட்டிக்கு மகள் கௌசல்யா வீட்டுக்குப் போயிருந்தாய். போகும்போது, காலையில் முதல் பஸ்ஸில் நேராக வேலைக்கு வந்துவிடுவேன், வேர் மட்டும் நீ எடுத்து ஊறவை என்று என்னிடம் சொன்னாய். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கேனை என் கையில் கொடுத்தாய். எனக்கு ஒரே பெருமை. ஆள் குடியில்லாத ஒரு குவார்ட்டர்ஸின் பின்வேலியில் கொடியைக் கண்டுபிடித்துத் தோண்டினேன். ஒரு விரல் விட்டுவைத்தேன். தண்ணீர் ஊற்றினேன். நீ கொடுத்துவிட்டுப் போன பச்சைக் கிழிசலை முடிச்சும் போட்டேன். எல்லாம் செய்தேன், ஒன்றைத் தவிர.

வேரை நகத்தால் கீறி மோந்து பார்க்க வேண்டும் என்று நீ தலைபாடாக அடித்துக்கொள்வாயே. நன்னாரி மாதிரியே இலையும் பாலும் உள்ள வேறு கொடி இருக்கிறது, வாசனை ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும் என்பாய். நானும் கீறினேன். ஆனால் எனக்கு அன்றைக்குக் கடுமையான சளி. மூக்கு ரெண்டும் அடைத்திருந்தது. மலத்தை வைத்தாலும் தெரிந்திருக்காது. இலையைப் பார்த்தேன், நன்னாரி மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் யாரோ பெரிய அதிகாரி வருகிறார் என்று ரோட்டு நடுவே செடிகளைச் சரிசெய்ய விட்டார்கள். டவுன்ஷிப் முழுக்க மரம்; அந்த ரோட்டு நடுவில் மட்டும் குடை அளவுக்குக்கூட நிழல் கிடையாது. ஏழு மணிக்குக் குனிந்தவர்கள். பதினொன்று ஆனது, விசில் அடிக்கவில்லை. நீதான் கேட்டாய். கார் போனதும் உட்காரலாம் என்றார் மேஸ்திரி. பன்னிரண்டு ஆனது. காரும் வரவில்லை, விசிலும் வரவில்லை.

நீ என்னிடம், "தனம், கண்ணு இருட்டிக்கினு வருதுடி" என்றாய். நான்தான் கேனைத் திறந்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். நீ ஒருத்திதான் குடித்தாய். சளிக்கு ஆகாது என்று நான் வாயில் வைக்கவில்லை. மற்றவர்கள் விசிலுக்குப் பயந்து தள்ளி நின்றார்கள். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாலு அடி நடந்தாய், விழுந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது நீ இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நாங்களே பண்ணிக்கொண்டது. உடம்பைக் கூறு போடக் கூடாது என்று எல்லோரும் டாக்டர் காலைப் பிடித்துக் கெஞ்சினோம். கௌசல்யா மயங்கிக் கிடந்தாள். உன்னை முழுசாக வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் உனக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்தோம். நினைத்தபடியே கொண்டுவந்தோம், புதைத்தோம். நீ எதனால் செத்தாய் என்று சொல்ல வேறு சாட்சி இல்லாமல் போயிற்று.

மூன்றாம் நாள் மேஸ்திரி ஒரு வெள்ளைத் தாளோடு வந்தார். எங்களில் பன்னிரண்டாவது வரை படித்தவள் நான்தான். "நீதான் எழுதத் தெரிஞ்சவ. ஒரு வாக்குமூலம் எழுதிக் குடு. எல்லாருக்கும் வேல நெலைக்கணும் பாரு" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அஞ்சலை என்பவர் தானாகக் கொண்டுவந்த ஏதோ காட்டு வேர்த் தண்ணீரைக் குடித்த சிறிது நேரத்தில் மயங்கி விழுந்தார். கீழே என் கையெழுத்து. அதற்குக் கீழே ஒன்பது கைநாட்டும் கையெழுத்தும். நீ விழுந்த அரை மணி நேரத்திலேயே கேனிலிருந்த தண்ணீரை மேஸ்திரி ரோட்டில் கவிழ்த்துவிட்டார், விஷமாக இருந்தாலும் இருக்கும் என்று. வெயில் என்ற வார்த்தை அந்தத் தாளில் இல்லை. ஐந்து மணி நேரம் நின்றாய் என்பதும் இல்லை.

ஏன் எழுதினாய் என்று கேட்கிறாயா? வேலை போய்விடும் என்ற பயம் ஒன்று. அதைச் சொல்லிவிடலாம். மற்றதைத்தான் இவ்வளவு நாளும் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே சந்தேகம் அக்கா. நான் தோண்டியது நன்னாரிதானா? என் அடைத்த மூக்கு உன்னைக் கொன்றுவிட்டதா? அந்தத் தாளில் உன் பெயர்தான் இருந்தது, தோண்டியவள் பெயர் இல்லை. அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. இதுதான் உண்மை. இதைவிடக் கேவலமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஐந்து மாசம் அந்த வேலிப் பக்கம் நான் போகவில்லை. அங்கே வேலை விழுந்தால் வயிற்றுவலி என்று வேறு பக்கம் ஓடினேன். உன் மற்ற முடிச்சுகளைக் கண்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வேன். என் வீட்டுக்காரரிடம் ஒருநாள் பாதி சொன்னேன். போனவள் போய்விட்டாள், எதற்கு வம்பு என்றார்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒருநாள் கௌசல்யா பண்ருட்டியிலிருந்து வந்தாள். முந்திரி உடைத்து உடைத்துக் கறுத்துப்போன விரல்களால் அந்தத் தாளின் நகலைப் பிரித்து என் முன்னால் வைத்தாள். நஷ்டஈடு கேட்கப் போனபோது காண்ட்ராக்ட்காரர் ஆபீசில் கொடுத்தார்களாம். இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்களாம்.

"சித்தி, இது ஒங்க எழுத்துதான? எங்கம்மா என்னாத்த குடிச்சாங்க?"

சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டுத் தப்பித்திருப்பேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள். தெரியாது என்றேன். பிறகு, தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது என்றேன். அதைச் சொன்னது என் வாய்தானா என்று எனக்கே ஆச்சரியம். ஒரு விரல் வேரை நீ விட்டுவைக்கச் சொன்னாய். நான் விட்டுவைத்திருந்தேன். மழை பெய்திருக்கிறது. முளைத்திருந்தால் அது என்ன கொடி என்று தெரிந்துவிடும்.

ரெண்டு பேரும் நடந்தே போனோம். முளைக்காமல் இருக்கட்டும் என்று ஒரு மனசு, முளைத்திருக்கட்டும் என்று ஒரு மனசு. வேறு கொடியாக இருந்தால் அவள் காலில் விழுவதா, போலீசுக்குப் போவதா என்றெல்லாம் யோசித்தேன். வேலிக் கம்பியில் உன் பச்சைக் கிழிசல் வெளுத்துப்போய் அப்படியே இருந்தது. அதற்கு நேர் கீழே, தரையிலிருந்து ஒரு முழம் ஏறி, கொடி கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தது.

இலை அகலமாக இருந்தது அக்கா. நீ காட்டுகிற மாதிரி ஒல்லியாக, நடுவில் வெள்ளைக் கோடு போட்டு இல்லை. கௌசல்யா போனில் நன்னாரிப் படம் தேடினாள். ஒரு படத்தில் ஒல்லி இலை, இன்னொன்றில் அகல இலை. குனிந்து விரலாலேயே மண்ணை விலக்கினேன். கொத்தை எடுக்கப் பயம், அறுந்துவிடுமோ என்று. கறுப்பாக ஒல்லி வேர் தெரிந்தது. கட்டைவிரல் நகத்தால் கீறினேன்.

அன்றைக்கு என் மூக்கு நன்றாக வேலை செய்தது.

கீறின உடனே வந்துவிட்டது வாசனை. சுத்த நன்னாரி. நான் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். கௌசல்யா குனிந்து மோந்தாள். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "எங்கம்மா பொடவ வாசன சித்தி" என்றாள். ஈர மண்ணில் உட்கார்ந்து ரெண்டு பேரும் அழுது தீர்த்தோம். அப்புறம் எனக்கு வந்தது பார் கோபம், அது இன்றைக்கு வரை இறங்கவில்லை.

ஒன்று சொல்கிறேன், இதையும் எழுதிவிட வேண்டும். அது தப்பான வேராகவே இருந்திருந்தாலும், ஐந்து மணி நேரம் உன்னை வெயிலில் நிறுத்தியது நிறுத்தியதுதான். கண் இருட்டுகிறது என்று நீ சொன்னது குடிப்பதற்கு முன்னால். அது என் காதில் விழுந்தது. காதில் விழுந்தவள் அதை எழுதாமல், சொல்லித்தந்ததை எழுதினேன். என் மூக்கைப் பற்றிய பயத்தில் என் காதையும் கெடுத்துக்கொண்டேன்.

மேஸ்திரியிடம் போய், அந்தத் தாளை மாற்றி எழுத வேண்டும் என்றேன். எழுதினால் எழுதிக்கொள், அடுத்த மாசம் உனக்கு வேலை இருக்காது என்றார். அன்று ராத்திரியே எழுதினேன். ஏழு மணிக்குக் குனிந்ததிலிருந்து நீ விழுந்தது வரை, கேட்டது, பார்த்தது, நான் தோண்டியது, என் சளி, எல்லாம். எதையும் மறைக்கவில்லை. கௌசல்யா அதைக் கொண்டுபோய் லேபர் ஆபீசில் மனு கொடுத்தாள். சொன்னபடியே என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

மாசியில் கடலூரில் விசாரணை. அதற்கு முந்தின நாள், கொடி முளைத்த அந்த வேலியடிக்கே போய்க் கொஞ்சம் வேர் எடுத்து ஊறவைத்தேன். கொடியில் ஒரு துண்டை வேரோடு தொட்டியில் வைத்துக்கொண்டேன். ஒரு வருஷம் ஆவதற்குள் கை வைத்துவிட்டேன், மன்னித்துக்கொள். ஆனால் இந்தத் தடவையும் ஒரு விரல் விட்டுவைத்தேன். வடலூரில் பஸ் ஏறி, தொட்டியை மடியிலும் கேனைக் காலடியிலும் வைத்து உட்கார்ந்தேன். குள்ளஞ்சாவடி தாண்டும்போது கண்டக்டர், என்னம்மா பூச்செடியா என்று கேட்டார். "சாட்சிங்க" என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

அங்கே காண்ட்ராக்ட்காரருக்காகப் பேச வந்தவர், பழைய தாளைத் தூக்கிக் காட்டி, இது உங்கள் கையெழுத்துதானே என்று கேட்டார். நீ பக்கத்தில் இருந்திருந்தால் எப்படிப் பேசியிருப்பாயோ அப்படிப் பேசினேன்.

"எழுத்து என் கையிதுங்க. வார்த்த மேஸ்திரியிது. அன்னைக்கு அந்தக்கா குடிச்ச வேரு இதுதான். கீறி மோந்து பாருங்க."

விசாரித்த அதிகாரி உண்மையிலேயே மோந்து பார்த்தார். அவர் முகம் சட்டென்று மாறியது. நம் பக்கத்து மனுஷனுக்கு அந்த வாசனை தெரியாமலா போகும். நான் கேனைத் திறந்து டம்ளரில் ஊற்றினேன். அதெல்லாம் தேவையில்லை அம்மா என்றார் அவர். தேவை எனக்குத்தான் என்று சொல்லிவிட்டு, நின்றபடியே முழுசாகக் குடித்தேன். நீ கடைசியாகக் குடித்த தண்ணீரை நான் குடிக்க இத்தனை மாசம் ஆகியிருக்கிறது.

முடிவு இன்னும் வரவில்லை. என்ன வருமோ தெரியாது. ஆனால் உனக்கு ஒரு செய்தி இருக்கிறது. போன வாரம் நம் ஒன்பது பெண்களும் காலையில் கையெழுத்துப் போடும் இடத்தில் நின்று, தனத்தைத் திரும்ப வேலைக்கு எடுக்காவிட்டால் நாங்கள் கொத்தைத் தொட மாட்டோம் என்றார்களாம். ஒன்பது பேர் அக்கா. விசிலுக்குத் தள்ளி நின்ற அதே ஒன்பது பேர். கோடைக்கு ஆள் இல்லாமல் தவிக்கிற நேரம். மூன்றாம் நாள் மேஸ்திரியே என்னை வேலைக்கு வரச் சொல்லி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிடவில்லை, தண்ணீர் மட்டும் கொடுத்தேன். என்ன தண்ணீர் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்காமலே குடித்தார்.

இப்போது புதுச் சட்டம் போட்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து யாரும் எதையும் ஊறவைத்துக் கொண்டுவரக் கூடாதாம். உன்னைச் சொல்லித்தான் அந்தச் சட்டம். அதனால்தான் இன்றைக்குக் கேனைக் கழுவினேன்.

நாளைக்கு ரோட்டு நடுவில்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். பதினோரு மணிக்கு நாங்கள் பத்துப் பேரும் கொத்தைக் கீழே போட்டுவிட்டு, ரோட்டைத் தாண்டி, புங்க மரத்தடியில் உட்காருவோம். விசில் அடித்தால் நல்லது. அடிக்காவிட்டாலும் உட்காருவோம். பேசி முடித்துவிட்டோம். எந்தக் கார் வந்தாலும் வரட்டும், வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.

உனக்குச் சிரிப்பு வரும், எனக்கு இன்றைக்கும் சளி. முகம் கழுவினதிலிருந்து மூக்கு அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் வேரைக் கீறி, பக்கத்து வீட்டில் ரெண்டு பேரிடம் மோந்து பார்க்கக் கொடுத்து, அவர்கள் தலையாட்டிய பிறகுதான் ஊறப் போட்டேன். நாளைக்குக் கேன் மூடியைத் திறந்ததும் முதல் டம்ளர் எனக்குத்தான். சளிக்கு ஆகுமோ ஆகாதோ, இனி நான் தோண்டிய வேரை நான் குடிக்காமல் யார் வாய்க்கும் கொடுக்க மாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

கூடப் பிறக்காமலே உனக்குத் தங்கச்சியாகிவிட்ட,
தனம்